சிவப்புப் புள்ளி வைத்த டப்பா

"ஒண்ணே ஒண்ணு குடுடா. முழுசா கூட வேணாம், பாதி போதும்."

பேருந்துப் பணிமனையின் இரண்டாவது மாடியில், அட்டவணைப் பிரிவில், பக்கத்து மேசைக்காரன் மூன்றாவது நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான். ஆள் ஆறடி உயரம், இடுப்பே கிடையாது. அலுவலகம் முழுக்க அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்றுதான் பெயர்.

"அது மிட்டாய் இல்லடா. எனக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்த மருந்து" என்றார் அட்டவணைக்காரர்.

எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதுவது அவர் வேலை. பதினாறு வருடமாக அதில் தப்பும் தவறுமாகக் காலம் தள்ளிவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்புதான் டாக்டரிடம் போனார். ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாடு என்றார் டாக்டர். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறதாம். யாரும் கவனிக்கவில்லை.

தினமும் ஒரு மாத்திரை. காலையில் சாப்பிட்ட பிறகு. மதியத்துக்கு மேல் போட்டால் ராத்திரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். பசி குறையும், வாய் உலரும். நாடியும் ரத்த அழுத்தமும் மாதாமாதம் பார்க்க வேண்டும். பூட்டி வைக்க வேண்டும். யாருக்கும் கொடுக்கக் கூடாது. டாக்டர் இதை இரண்டு தடவை சொன்னார். கூட வந்திருந்த மனைவி மூன்று தடவை சொன்னாள்.

இரண்டு மாதமாக அட்டவணையில் ஒரு பிழை கிடையாது. அதுதான் ஒட்டடைக்குச்சியின் கண்ணை உறுத்தியது.

"அடுத்த வெள்ளிக்கிழமை புது அட்டவணை குடுக்கணும். எனக்கு இருபத்தோரு தடம் பாக்கி. முடிக்கலைன்னா என்னைத் திருப்பி டிக்கெட் கிழிக்க அனுப்பிடுவாங்க. நீயெல்லாம் ஒரு நண்பனா?"

அட்டவணைக்காரருக்கு ஒரு பலவீனம். யார் முகத்தைப் பார்த்தும் முடியாது என்று சொல்ல வராது.

"திங்கக்கிழமை பார்க்கலாம்" என்றார்.

சனிக்கிழமை தன் மாதாந்திர மாத்திரையை வாங்க, டாக்டர் அறைக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் மருந்துக்கடைக்குப் போனவருக்கு அற்புதமான யோசனை ஒன்று வந்தது. அவருக்கு வரும் யோசனைகள் எல்லாமே வரும்போது அற்புதமாகத்தான் இருக்கும். கூடவே, தன் மாத்திரையைப் போலவே சின்னதாக, வெள்ளையாக இருக்கும் விட்டமின் மாத்திரையும் கேட்டார். அந்தக் கடையில் எல்லா மாத்திரையையும் ஒரே மாதிரி வெள்ளை டப்பாவில் போட்டு, மேலே தாள் ஒட்டித் தருவார்கள். விட்டமினை ஒட்டடைக்குச்சியிடம் கொடுத்து, அதுதான் இது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவன் மனமும் நோகாது, உடம்பும் கெடாது.

பேருந்தில் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தபடி, பையிலிருந்த இரண்டு டப்பாவின் தாளையும் நகத்தால் சுரண்டி உரித்தார். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால்தானே நம்புவான்? வீட்டுக்கு வந்ததும், அடையாளத்துக்காக ஒரு டப்பாவின் மூடியில் சிவப்புப் புள்ளி வைத்தார். புள்ளி எதற்கு என்பதை ஒரு சீட்டில் எழுதியும் வைத்தார். அவ்வளவு ஜாக்கிரதை.

புள்ளி வைத்தது வீட்டு டிராயருக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. புள்ளியில்லாதது அலுவலகப் பைக்குள் போனது. சீட்டு எங்கே போனது என்பதை மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

திங்கட்கிழமை ஒட்டடைக்குச்சி ஒன்றை விழுங்கினான். அரை மணி நேரத்தில் சட்டைக் கையை மடித்தான்.

"மண்டைக்குள்ள யாரோ லைட் போட்ட மாதிரி இருக்குடா!"

மதியத்துக்குள் ஆறு தடம் முடித்துவிட்டான். "வாய் காயுது, பசியே இல்ல. நீ சாப்பிடு" என்று தன் சாப்பாட்டுப் பெட்டியையும் நீட்டினான். அட்டவணைக்காரர் தன் சாப்பாட்டை முடித்து, அவன் சாப்பாட்டையும் முடித்து, மேசையில் தலை வைத்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டார். நேற்றிலிருந்து என்னவோ நன்றாகப் பசித்தது.

செவ்வாய்க்கிழமை டைப்பிஸ்ட் அக்கா வந்து நின்றாள்.

"அவனுக்கு மட்டும்தான் குடுப்பியா தம்பி? நான் என்ன பாவம் பண்ணேன்?"

புதன்கிழமை சாமான் அறை அண்ணன், அடுத்து வாசல் காவலாளி. அக்காவின் விரல்கள் தட்டெழுத்தில் பறந்தன. பத்து வருடமாகக் கலந்து கிடந்த திருகாணிகளை அண்ணன் அளவு வாரியாகப் பிரித்தார். காவலாளி போகிற வருகிற ஆளையெல்லாம் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார். மேலதிகாரியையும் கேட்டார்.

அலுவலகமே பம்பரமாகச் சுழன்றது, அட்டவணைக்காரரைத் தவிர. அவர் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார். கைப்பேசி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காணோம்.

மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"பதினேழாம் தடம் எட்டு பத்துக்குக் கிளம்புது, எட்டு அஞ்சுக்குப் போய்ச் சேருது. எப்படிங்க? நேரத்தைச் சுருட்டி டிரைவர் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போறாரா?"

"கவலையில எழுதிட்டேன் சார்."

"நாளன்னிக்குள்ள திருத்துங்க. இல்லேன்னா நீங்க ஓட்டிக் காட்டணும்."

அன்று மாலை மனைவியிடம் புலம்பினார். "மாத்திரை வேலை செய்யல போல. நாளைக்கு ரெண்டு போட்டுக்கட்டுமா?"

"கொன்னுடுவேன். டாக்டரைக் கேக்காம ஒரு பொடி கூடக் கூட்டக் கூடாது" என்று மனைவி டிராயர் சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். மறுநாள் காலையும் வழக்கம்போல் எண்ணி ஒன்றே ஒன்றை உள்ளங்கையில் வைத்தாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒட்டடைக்குச்சி மார்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"டேய், நெஞ்சு படபடன்னு அடிக்குதுடா. கை நடுங்குது பாரு."

அதைக் கேட்டதும் டைப்பிஸ்ட் அக்காவுக்கும் நடுங்கியது. சாமான் அறை அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அட்டவணைக்காரர் அவசரமாகப் பையைத் திறந்தார். பையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். புள்ளி இல்லை. புள்ளி வைத்தது நிஜத்துக்கா, விட்டமினுக்கா? மூளையைக் கசக்கினார். ஒன்றும் வரவில்லை. மாறிப் போயிருந்தால் நான்கு பேருக்கும் இத்தனை நாளாக... ஐயோ! ஒட்டடைக்குச்சிக்கு இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் வேறு.

அலுவலகத் தொலைபேசியில் மனைவியைப் பிடித்தார்.

"டிராயர்ல இருக்கற டப்பாவுல சிவப்புப் புள்ளி இருக்கா?"

"இருக்கே. அது கிடக்கட்டும், உங்க போன் கிடைச்சிடுச்சு. ஃப்ரீசர்ல, பட்டாணிக்கு அடியில."

"அதைத் தூக்கிப் போடு! டப்பாவை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடி வா!"

நான்கு பேரையும் முதலில் வந்த பேருந்தில் ஏற்றினார். அது பதினேழாம் தடம். அவர் எழுதிய நேரத்துக்கு அது என்றைக்குமே போய்ச் சேரப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

டாக்டருடைய நர்ஸ் அம்மாள் நான்கு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்து நாடி பார்த்தாள், அழுத்தம் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க இன்னிக்கு எத்தனை காபி குடிச்சீங்க?"

"எட்டு" என்றான் ஒட்டடைக்குச்சி.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பசிக்காதுன்னு சொன்னாங்களே, அதனால சாப்பிடல."

நர்ஸ் அம்மாள் அலுவலக டப்பாவைத் திறந்தாள். ஒன்றை எடுத்து முகர்ந்தாள், உடைத்துப் பார்த்தாள்.

"இது வெறும் விட்டமின்."

ஒட்டடைக்குச்சி டப்பாவை வாங்கித் தானும் முகர்ந்து பார்த்தான். பிறகு டைப்பிஸ்ட் அக்கா மெல்லச் சொன்னாள். "எனக்கு நிஜமாவே வாய் காஞ்சுதே."

"நல்லவேளை, வாய் காஞ்சதோட போச்சு" என்ற நர்ஸ் அம்மாள் அட்டவணைக்காரர் பக்கம் திரும்பினாள். "நிஜ மருந்தா இருந்து, இதுல ஒருத்தருக்கு இதயத்துல கோளாறு இருந்திருந்தா என்ன சார் ஆகியிருக்கும்? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா? அதோட, மருந்து டப்பாவுல ஒட்டின தாளை யாராவது உரிப்பாங்களா?"

"தப்புதாம்மா" என்றார் அவர். தலை குனிந்திருந்தாலும் நெஞ்சு லேசாகிவிட்டது. ஒட்டடைக்குச்சி அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தான். "துரோகி! விட்டமினைக் குடுத்தாடா என்னைப் பதினெட்டு தடம் போட வெச்ச?"

அதற்குள் மனைவி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். சிவப்புப் புள்ளி டப்பாவை எல்லோர் முகத்துக்கும் நேராக நீட்டினாள்.

"அவரோடது பத்திரமா என்கிட்டதான் இருந்துது. ஞாயித்துக்கிழமையிலேருந்து நானே எண்ணித்தான் குடுக்கறேன். அஞ்சு நாள், அஞ்சு மாத்திரை. ஒரு நாள் தவறல."

அட்டவணைக்காரர் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கீழ்த்தளத்து மருந்துக்கடைப் பெண் அப்போதுதான் மாடிப்படி ஏறி வந்தாள். கையில் ஒரு காகிதப் பை.

"அப்பாடா, இங்கதான் இருக்கீங்களா சார்! விட்டமின் டப்பா ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு சொன்னதும் அந்த ரெண்டையும் எடுத்துக்கிட்டு, உங்க மாத்திரையைக் கடையிலேயே வெச்சிட்டுப் போயிட்டீங்க. ஞாயித்துக்கிழமையிலேருந்து கூப்பிடறேன், போனை எடுக்கவே மாட்டேங்கறீங்க!"