மருமகளுக்கு அரை ஊசி

பசார் வீதி, பதுளை
1974 ஓகஸ்ட்

அன்புள்ள மச்சான் ஜாபிர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் உடன்பிறந்தாள் ஸுபைராவும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். மொனராகலையில் நீங்களும் ஜெமீலாவும் பிள்ளை ஹம்ஸியாவும் அவ்வாறே இருக்கவும், அங்கே கொஞ்சம் மழை பெய்யவும் துஆ செய்கிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு மாதமாகிறது, பிள்ளைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் என்று பிறகு எழுதியதும் கிடைத்தது. முதல் கடிதத்தில், கக்குவான் இருமல், தொண்டையை அடைக்கிற தொண்டைக்கரப்பன், ஆணி குத்தினால் உடம்பை வில்லாய் வளைக்கிற ஏற்பு மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி போடச் சொல்கிறார்கள், ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள், பதுளை பெரிய ஊர், நீங்கள் விசாரித்து உண்மையை எழுதும்வரை பிள்ளையின் தொடையில் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பச்சைப்பிள்ளையின் உயிர் என் தபாலுக்காகக் காத்திருக்கிறது என்று வாசித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குத் தெரிந்த விசாரணை முறை ஒன்றுதான். சீத்தைத் துணிக்கு விலை தெரியவேண்டுமானால் நாலு கடையில் கேட்டு, நடுவில் நிற்கிற விலையை நம்புவது. இத்தனை வருட வியாபாரத்தில் அது என்னைக் கைவிட்டதில்லை. முதலில் ஒஸ்தா மாமாவிடம் போனேன். இந்த ஊர் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சுன்னத்து செய்த கை அது. “ஊசியே வேணாம் மொதலாளி. நான் கத்தி வச்ச ஒரு பிள்ளைக்காவது ஏற்பு வந்ததுன்டு யாராவது என்கிட்ட வந்து சொல்லியிருக்காங்களா?” என்றார். வந்திருந்தால் அவரிடம் திரும்பிப் போய்ச் சொல்ல யாருக்கு மனம் வரும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அடுத்தது தேத்தண்ணிக்கடை லத்தீப் நானா, பணிஸ் சுற்றிய தாளைக்கூட வாசிக்காமல் எறியமாட்டார். “போடத்தான் வேணும். ஆனா பள்ளிக்கூடம் போற வயசுல, ரத்தம் நல்லா ஊறின பொறகு” என்றார். பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஹாலிஎல பஸ் கொண்டக்டர், “இன்னைக்கே போடுங்க, ரெண்டு தொடையிலயும் போடுங்க, மிச்சமிருந்தா என் மாமியாருக்கும் போடுங்க” என்றான். ஒருவர் வேண்டாம், ஒருவர் பிறகு, ஒருவன் இரட்டிப்பு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நடுவை எடுத்தேன்: அரை ஊசி, பிள்ளை நடக்கத் தொடங்கியதும். யாருக்கும் தோன்றாத முடிவு என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அரை ஊசி எங்கே போடுவார்கள் என்று கேட்கத்தான் கிளினிக்குக்குப் போனேன். அன்றைக்கு லேடி டொக்டர் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் இருக்கிறார் என்றார்கள், பஸ் ஏறி அங்கேயே போனேன். வாசலிலிருந்து தேயிலை மலைவரை வரிசை. பாண் வரிசையிலும் கோதுமை மா வரிசையிலும் நின்று பழகியவன் நான், முன்னுக்குப் போனதும் ஒருவர் “முடிஞ்சுது” என்று கதவைச் சாத்துவார் என்பதுதான் வரிசையைப் பற்றி எனக்குத் தெரிந்தது. இந்த வரிசையின் முடிவிலோ, கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் மலையேறி வந்த மருந்து, வந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இருந்தது. எனக்கு அனுப்பும் துணிப்பொதி பண்டாரவளையிலேயே காணாமல் போய்விடுகிற நாட்டில் இது எப்படி நடந்தது என்று வாய்பிளந்து நின்றேன்.

முன்னால் இராக்கம்மா என்றொரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏம்மா, இந்த ஊசியை நம்புறியா என்று கேட்டேன். “கக்குவான் இருமலைக் காதால கேட்டிருக்கீங்களா மொதலாளி? போன மழைக்கு எங்க லயத்துல பக்கத்துக் காம்பராவுல ஒரு புள்ள இருமுச்சு. செவுத்துக்கு இந்தப் பக்கம் நாங்க எல்லாம் முழிச்சுக் கெடந்தோம். பொறகு சத்தம் நின்னுருச்சு. நின்னதுதாங்க பயமாப் போச்சு.”

டொக்டரிடம் அரை ஊசி கேட்டேன். “ஒரு கைய மட்டும் வச்சுச் சட்டை தைச்சா உங்க கடையில யாரும் வாங்குவாங்களா? முழுசாத்தான் போடணும், இடைவெளி விட்டு மூணு தடவை போடணும். சின்னப் பிள்ளையைத்தான் கக்குவான் கொல்லும், வளரட்டும்னு காத்திருக்காதீங்க” என்றார். காய்ச்சல் ஒருநாள் இரண்டுநாள் வரலாமாம், தொடை வீங்கலாமாம், வலிப்பு வருவது வெகு அபூர்வமாம், வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டுமாம். எல்லாம் சரி, எங்க ஹம்ஸியாவுக்குக் காய்ச்சல் வருமா, வராதா என்று நெருக்கிக் கேட்டேன். “அது எனக்குத் தெரியாது” என்றார்.

மச்சான், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பதுளை பசாரில் பிறந்து வளர்ந்த நான் இந்தச் சொல்லை அதுவரை கேட்டதில்லை. நாளைய தேங்காய் விலை முதல் மறுமைக் கணக்குவரை நம்ம ஆக்களுக்குத் தெரியாதது ஒன்றுண்டா? அத்தனை தடித்த புத்தகத்தை மேசையில் வைத்துக்கொண்டு, தெரியாது என்று ஒரு மனுஷி முகம் மாறாமல் சொல்றா! அப்ப அவ தெரியும்னு சொன்னதெல்லாம் உண்மைதானே? பிறகு அவர் என்னைப் பார்த்து, “நீங்க கடைசியா எப்ப ஏற்பு ஊசி போட்டீங்க?” என்றார். பெரியவங்களுக்குமா என்றேன். “ஆணி வயசு கேட்டா குத்துது?” என்றார். எனக்கு அப்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கைக்கு வந்த உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்க. ஜெமீலா பயந்தால் நான் சொன்னேன் என்று தைரியம் சொல்லுங்கள். ஹம்ஸியாவுக்கு நீண்ட ஆயுளையும், நமக்கு அதைப் பார்க்கிற கண்களையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
இப்றாஹீம்

பிற்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஸுபைராவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா புள்ளைக்கு ரெண்டாவது ஊசியும் போட்டாச்சே” என்றாள். ஜெமீலா அவளுக்குத் தனியாக எழுதியிருந்தாளாம். நீங்கள் வாசலை மறித்து நிற்பதைக் கண்டு, பதுளை மச்சானுக்கு எழுதிக் கேளுங்க என்று ஜெமீலா உங்களைத் தபால் கந்தோருக்கு அனுப்பிவிட்டு, மற்ற வழியால் கிளினிக்குக்குப் போனாளாம். முதல் ஊசிக்கு ஒருநாள் காய்ச்சல் வந்ததாம். பல் முளைக்கிற காய்ச்சல் என்று நீங்கள் எனக்கு எழுதியது அதைத்தான். ஜெமீலா பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஏற்பு ஊசி போட்டவளாம், ஸுபைராவும் தையல் மெஷின் ஊசி விரலில் ஏறிய அன்றைக்கே போட்டுவிட்டாளாம். ஆக மச்சான், இந்தக் குடும்பத்தில் இன்னும் ஊசிக்குப் பயந்துகொண்டு இருப்பது நீங்களும் நானும்தான்.