ஹோல்டன்பெர்க் ஜில்லாவின் ரங்கூன் கலெக்டர்

உலகத்தில் எத்தனையோ கலெக்டர்கள் இருந்திருக்கிறார்கள். குதிரையில் போனவர்கள், ஜீப்பில் போனவர்கள், எங்கேயும் போகாமல் கையெழுத்து மட்டும் போட்டவர்கள். ஆனால் தன் ஜில்லாவை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காமல், அந்த ஜில்லாவுக்கே தெரியாமல், ரங்கூனில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தபடி அதை நிர்வாகம் செய்தவர் எங்கள் ஜெர்மன் கலெக்டர் ஒருவர்தான். இதற்குப் போட்டியாக வேறொருவரை யாராவது கொண்டுவந்தால் நான் பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

அறுபதுகளில் ரங்கூனின் லத்தாப் பேட்டையில் ஒரு படகுச் சரக்கு அலுவலகத்தில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. த்வாண்டே கால்வாய் வழியாக டெல்டா கிராமங்களுக்குப் போகிற, வருகிற சரக்குக்கெல்லாம் அவர் சீட்டு எழுதுவார். நான் முத்திரை குத்துவேன். மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவத் தமிழர். வருகைப் பதிவேட்டில் அவருக்கு லட்சணமான ஒரு பைபிள் பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எங்களுக்கெல்லாம் அவர் கலெக்டர்; அது நாங்கள் வைத்த பட்டம்.

எல்லாவற்றுக்கும் காரணம் கிடங்கில் கிடந்த ஒரு மரப்பெட்டி. ஜப்பான் சண்டைக்கு முன்னாலிருந்தே கேட்பாரற்றுக் கிடந்தது. ஆள் வராது என்று ஒருநாள் திறந்தபோது அலுவலகமே சுற்றி நின்றது. விஸ்கி என்றார் ஒருவர், கிராமபோன் என்றார் இன்னொருவர். உள்ளே வைக்கோலும், தலையணை தடிமனில் ஒரு ஜெர்மன் புத்தகமும் இருந்தன. ஹோல்டன்பெர்க் என்ற பட்டிக்காட்டு ஜில்லாவின் பூகோளமும் நிர்வாகச் சரித்திரமும். மற்றவர்கள் வைக்கோலைக்கூட எடுத்துக்கொண்டார்கள். புத்தகத்தை இவர் எடுத்துக்கொண்டார்.

அதைப் படிப்பதற்காகவே ஓர் அகராதி வாங்கி, மூன்று வருடம் தனியாக ஜெர்மன் கற்றார். மனிதன் கதை படிக்க ஒரு மொழி கற்கலாம், காதலிக்கக் கற்கலாம். ஆறு எந்தக் கிராமத்தில் வளைகிறது, எந்தத் தாலுகா எப்போது எதிலிருந்து பிரிந்தது என்று தெரிந்துகொள்ள யாராவது கற்பார்களா? இவர் கற்றார். கற்றதோடு விட்டாரா, எங்களுக்கும் சொன்னார்.

பாடம் நடந்தது எதிர்ச்சாரியில் இருந்த சீனர் டீக்கடையில். நாலு பேர் குடிக்கிற டீக்கோப்பைகளைப் பிடுங்கி மேசையில் ஜில்லாவைப் பரப்பிவிடுவார். வடக்கே மலைக்கு ஒரு கெட்டில். நடுவே ஆற்றுக்கு எண்ணெயில் பொரித்த நீளமான மாவுப் பண்டம், ஈச்சாக்வே. தெற்கே ஒன்றும் விளையாத புதர்வெளிக்குச் சாம்பல் கிண்ணம். "முதல்ல இது ஒரு பிஷப்புக்குச் சொந்தம். அப்புறம் ஒரு பிரபு. அவனுக்கு மூணு பையன்கள். மூணா வெட்டிட்டானுங்க!" என்று ஈச்சாக்வேயை மூன்றாகப் பிய்ப்பார். பிய்த்தது யாருடைய ஈச்சாக்வே என்பது சரித்திரத்தில் முக்கியமில்லை. "நெப்போலியன் வந்தான், எல்லாத்தையும் ஒண்ணாக்கினான். அவன் போனான், பிரஷ்யாக்காரன் வந்து மறுபடி வெட்டினான்." அதற்குள் எங்களுக்குச் சாப்பிட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஒருநாள் கடைக்காரர் வந்து காலிக்கோப்பை ஒன்றை எடுத்தார். கலெக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், வை அங்கே! அது தலைநகரம்!"

கடைக்காரர் நல்ல மனிதர். மறுநாளிலிருந்து மேசைப் பக்கம் வந்து பணிவாகக் கேட்க ஆரம்பித்தார். "கலெக்டர், தலைநகரம் குடிச்சாச்சா? கழுவணும்."

அவர் வீடு தின்கன்ஜூனில், என் வீட்டுக்கு அடுத்த தெரு. மனைவி மா எய் பர்மியப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், கோபம் வந்தால் இன்னும் நன்றாகப் பேசுவாள். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் என்னைத் தனியாக மடக்கினாள்.

"தம்பி, நிஜத்தைச் சொல்லு. யாரு அந்த ஹோல்டன்பெர்க்?"

"ஏன் மா எய்?"

"குளிக்கும்போது அந்தப் பேரு. சோறு திங்கும்போது அந்தப் பேரு. மேல் பக்கம் அழகு, நடுவுல வளைவுன்னு தனியா பேசிக்கிறாரு. எந்தத் தெருக்காரி?"

அது ஒரு ஜில்லா என்று நான் விளக்கிச் சொன்னேன். அவள் நிம்மதி அடைவாள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பொம்பளையா இருந்தாப் போய்ச் சண்டை போடலாம். ஜில்லாகிட்ட எப்படிச் சண்டை போடுறது?"

புத்தகத்தில் ஒரே ஒரு விஷயம் அவரை வாட்டியது. எல்ஸன்பாக் என்று ஒரு கிராமம். ஒரு பக்கத்தில் அது கீழ்த்தாலுகாவில் இருந்தது. இன்னொரு பக்கத்தில் மேல்தாலுகாவில் இருந்தது. ஒரு கிராமம் எப்படி இரண்டு தாலுகாவில் இருக்கும்? இரண்டு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அந்த ஜில்லா அலுவலகத்துக்கே ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதிப் போட்டார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. தலைப்பு அச்சடித்த தாள், கீழே முத்திரை, மிகுந்த மரியாதை. அந்தக் கிராமத்தின் நடுவில் ஓடை போகிறதாம். ஊர் ஒரு கரையில், கல்லறையும் சில வீடுகளும் மறுகரையில். ஓடைதான் தாலுகா எல்லை. இறந்தவர்கள் எல்லாரும் அடுத்த தாலுகாவுக்குத்தான் போவார்களாம். கலெக்டர் அந்தக் கடிதத்தை டீக்கடையில் எழுந்து நின்று வாசித்தார். நாங்களும் எழுந்து நின்றோம். ஏன் நின்றோம் என்று இன்றுவரை தெரியவில்லை.

அதன் பிறகு கடிதம் போவதும் வருவதுமாக இருந்தது. அங்கேயும் இவரைப் போல ஒரு பாவப்பட்ட குமாஸ்தா இருந்திருக்கவேண்டும்.

பிறகு அந்தக் கடைசிக் கடிதம் வந்தது. ஹோல்டன்பெர்க்கைப் பக்கத்து ஜில்லாவோடு சேர்த்துவிடப் போகிறார்கள். மறுநாள் கலெக்டர் சட்டைக் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு அலுவலகம் வந்தார். அரசாங்கம் எங்கள் அலுவலகத்தை எடுத்துக்கொண்டு பெயர்ப்பலகையை மாற்றியபோதுகூட அவர் இப்படிக் கலங்கவில்லை.

அதே வாரம் இன்னொரு காகிதமும் வந்தது. அது குடிநுழைவு அலுவலகத்திலிருந்து. அப்போது இந்தியர்கள் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்த காலம். இந்த நாட்டுக்காரர் என்பதற்குச் சான்றோடு வாருங்கள், இல்லாவிட்டால் கப்பலுக்குத் தயாராகுங்கள் என்று சுருக்கமாக எழுதியிருந்தது. கலெக்டர் பிறந்தது ரங்கூனில். ஆனால் பிறந்த காகிதம் ஜப்பான்காரன் குண்டில் எரிந்துபோயிருந்தது. இந்தியாவில் அவருக்கு ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தெரியாது. அவரைக் கப்பலேற்றினால் மா எய் கூடப் போகவும் முடியாது, தனியாக இருக்கவும் முடியாது.

"அந்த ஜில்லா போனாப் போகட்டும்," என்றாள் மா எய் அவரிடம். "நீங்க போயிடாதீங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "தம்பி, நீயும் கூடப் போ. இவரு அங்க போய் வாயைத் திறந்தா நீ மூடு."

போனேன். வாசலிலேயே ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், சொந்த ஜில்லா. அவர் மளமளவென்று நிரப்பி நீட்டிவிட்டார். அதிகாரியின் மேசைக்குப் போன பிறகுதான் எட்டிப் பார்த்தேன். சொந்த ஜில்லா என்ற கட்டத்தில், அழகான கையெழுத்தில், ஹோல்டன்பெர்க்.

அதிகாரி கண்ணாடி போட்ட பர்மியர், சிரிப்பு என்பதே தெரியாத முகம். பேச்செல்லாம் பர்மியில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன், ஐயாவுக்கான 'சயா'வை மட்டும் அப்படியே விட்டுவிட்டு.

"இது எங்க இருக்கு?"

"ஜெர்மனியில, சயா."

அதிகாரி கலெக்டரின் நிறத்தை ஒரு தடவை பார்த்தார். "நீங்க ஜெர்மன்காரரா?"

"இல்ல சயா. ஜில்லான்னு பார்த்ததும் கை தானா எழுதிடுச்சு."

"கையில என்ன கறுப்புத் துணி? யார் செத்தது?"

"அந்த ஜில்லாதான், சயா."

நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். கோபம் மெதுவாக ஏறியது.

"விளையாடுறீங்களா? இந்த நாட்டுச் சோறைத் தின்னுட்டு எங்கேயோ இருக்கிற ஜில்லாவுக்குத் துக்கம். இந்த நாட்டுல ஒரு கிராமமாவது தெரியுமா உங்களுக்கு? லெட்பான் தெரியுமா? த்வாண்டே பக்கத்துல. தெரியாது! அது எங்க ஊரு. எந்த மேப்லயும் இருக்காது!"

கலெக்டர் கண்ணை மூடிக்கொண்டார். டீக்கடையில் ஈச்சாக்வேயைப் பிய்க்கிறதற்கு முன்னால் மூடுவாரே, அதே மாதிரி.

"கால்வாயிலேருந்து வடக்கே பிரியற ஓடை. ரெண்டாவது துறை. பானை ஏத்துற ஊரு. கோடையில பெரிய படகு போகாது, சம்பான்தான். முன்னே பக்கத்து ஊர்த் தலையாரிகிட்ட இருந்தது, அப்புறம் தனியாப் பிரிச்சாங்க. பானைக்கு வைக்கோல் பத்தாமக் கட்டுறாங்க சயா, நாலுல ஒண்ணு உடைஞ்சுதான் வருது. நான் எத்தனையோ தடவை எழுதிப் போட்டேன்."

அதிகாரியின் வாய் திறந்தது. "அது எங்க சித்தப்பா கட்டுறது," என்றார்.

"அவர்கிட்டச் சொல்லுங்க சயா."

இதோடு நிறுத்தியிருக்கலாம். கைகூப்பிவிட்டு எழுந்திருக்கலாம். அதிகாரி சற்று இளகி, "ஓடைக்குக் கிழக்குக் கரையில எங்க ஊரு," என்றதும், இந்த மனிதர் தலையை ஆட்டி, "தப்பு, சயா," என்றார்.

அவர் தொடையைப் பிடித்துக் கிள்ளினேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"ஊர் மேற்குக் கரை. கிழக்குக் கரையில இருக்கிறது சுடுகாடும் ரெண்டு வீடும்தான். அந்த ரெண்டு வீட்டுக்குச் சரக்கு வந்தா நான் தனிச் சீட்டு எழுதுவேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த ரெண்டு வீட்டுல ஒண்ணுதான் எங்க வீடு," என்றார். "ஊர்ல எங்களை ஊர்க்காரன்னு ஒத்துக்கவே மாட்டாங்க. சின்ன வயசுல, சுடுகாட்டுக்காரன்னு சொல்லுவாங்க."

"எல்ஸன்பாக்லயும் அதே கஷ்டம்தான், சயா," என்றார் கலெக்டர், சொந்தக்காரரை விசாரிக்கிற குரலில்.

"நீங்க லெட்பானுக்கு வந்திருக்கீங்களா?"

"ஒரு தடவைகூட இல்ல சயா. இருபது வருஷமாச் சீட்டு எழுதறேன்."

அதிகாரி பேனாவைத் திறந்து, ஹோல்டன்பெர்க்கை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, தன் கையாலேயே 'த்வாண்டே' என்று எழுதினார். இந்த நாட்டுக்காரர் என்ற முத்திரையைக் கையில் எடுத்தார்.

"சயா, மன்னிக்கணும்," என்றார் கலெக்டர். "த்வாண்டே ஜில்லா இல்ல. அது டவுன்ஷிப். ஜில்லா ஹந்தாவடி."

"வெளியே போங்க!" என்று கத்திக்கொண்டே அதிகாரி முத்திரையைக் குத்தினார். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தது. போகும்போது திரும்பிப் பார்த்தேன். ஹந்தாவடி என்று திருத்திக்கொண்டிருந்தார். சிரிக்கத் தெரியாது என்று நான் நினைத்த அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் நின்றிருந்த மா எய் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து, அதாலேயே அடுப்பிலிருந்த மொய்ங்கா மீன்சாற்றுச் சட்டியைப் பிடித்து இறக்கினாள்.

அடுத்த வருடம் எனக்கும் குடிநுழைவு அலுவலகத்திலிருந்து அதே காகிதம் வந்தது. என் அதிகாரிக்கு லெட்பான் சொந்த ஊர் இல்லை. கலெக்டரோடு அலைந்ததில் எனக்கு ஹோல்டன்பெர்க் தெரிந்த அளவுக்கு டெல்டா தெரியவும் இல்லை. நான் நாட்டை விட்டுப் போன அன்று கப்பலடிக்கு இருவரும் வந்தார்கள். மா எய் அழுதாள். கலெக்டர் நாலாக மடித்த ஒரு தாளைக் கொடுத்தார். கையால் வரைந்த வரைபடம். லத்தா அலுவலகம், சீனர் கடை, தின்கன்ஜூன் பஸ் போகும் வழி, அவர் வீடு எல்லாவற்றையும் சுற்றிக் கெட்டியாக ஜில்லா எல்லை போட்டிருந்தார். என் வீட்டுப் பக்கம் மட்டும் வெறும் புள்ளிக்கோடு.

"இது என்ன அண்ணே, இங்க கோடு போடலையே?"

"எல்லை இன்னும் முடிவாகலை தம்பி," என்றார், முகத்தை ஆற்றுப்பக்கம் திருப்பிக்கொண்டு. "நீங்க திரும்பி வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். அதை அன்றைக்கு அவரிடம் சொல்லத் தோன்றவில்லை, அவருடைய பூகோளத்தில் ஒரு தப்புக் கண்டுபிடித்தவன் மாதிரி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரங்கூனுக்குத் திரும்பிப் போகவும் வாய்க்கவில்லை. படிவங்களில் சொந்த ஜில்லாவைக் கேட்டால் ஏதோ ஒன்றை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அந்தப் புள்ளிகளின் மேல் இதுவரை நான் கோடு போட்டதில்லை.