கறித்துண்டு காரியமாக ஒரு புளூரே பிளேயர் வாங்கியது

தூத்துக்குடி,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான சம்பந்தி ஜேசுபாதம் அண்ணாச்சி அவர்கள் சமுகத்துக்கு,

தேவபிரசாதம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் தேவகனியும் ஜெனிலாவும் குழந்தையும் சுகம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. போகட்டும். அதில் குழந்தை மட்டும் உண்மை. மற்ற மூன்று பேரும் ஏதோ இருக்கிறோம். தங்கள் முழங்கால் வலி தேவலையா? மதினிக்குச் சர்க்கரை இறங்கியதா? சாத்தான்குளம் பக்கம் மழை உண்டா? இங்கே மழையைக் காணோம், உப்புக்காற்றுதான் ஓயாமல் அடிக்கிறது. போன் போட்டால் தாங்கள் எடுப்பதில்லை என்பதால் இந்த வயதில் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாக வாசிக்க வேண்டும்.

அண்ணாச்சி, பேரன் பிறந்து ஐந்தாம் மாதம் நடக்கிறது. முறைப்படி மூன்றாம் மாதமே தங்கள் வீட்டிலிருந்து நாலு பேர் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போயிருக்க வேண்டும். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்திருக்க வேண்டும். பெயர் வைக்காததால் எங்கள் தெருவில் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவனும் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறான். என்ன வருத்தம் என்று ஆள்விட்டுக் கேட்டதற்கு, கல்யாணப் பந்தியில் தங்கள் இலையில் பிரியாணி விழுந்ததாம், பீஸ் விழவில்லையாம், அந்த வீட்டில் இனிமேல் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினீர்கள். ரெண்டு வருஷமாக மனசில் வைத்திருந்து இப்போது சொல்லுகிறீர்கள். மாப்பிள்ளை பெவினுக்குக் குவைத்துக்குப் போன் போட்டேன். அப்பா இல்லாத பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்தவர் தாங்கள், அதனால் அவர், “பெரியப்பா சொல்லுக்கு மேல நான் என்ன பேச முடியும் மாமா” என்கிறார். சொல்லிவிட்டுக் குழந்தையை வீடியோவில் காட்டச் சொல்லி அழுகிறார். பேசவும் மாட்டார், அழாமலும் இருக்க மாட்டார். நான் யாரிடம் போய் முட்டிக்கொள்ள?

தங்கள் பந்தியில் நானே நின்று பார்த்துப் பார்த்துப் போடச் சொன்னேன் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி கல்யாண வீடியோ. சாப்பிடுகிறவர் வாய்க்கு நேரே கேமராவை நீட்டி, அவர் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் சிரித்துவைப்பாரே, அந்த இடத்தில் தங்கள் இலையும் வருகிறது. ஆனால் எங்கள் போனில் இருப்பது வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த படம். தங்கள் இலையில் பழுப்பாக ஒன்று தெரிகிறது. நான் கறி என்கிறேன். தேவகனி கத்தரிக்காய் என்கிறாள். கட்டின பெண்டாட்டியே கத்தரிக்காய் என்றால் தாங்கள் சொல்வதற்குக் கேட்பானேன். தெளிவாகப் பார்க்க ஒரே வழி, வீடியோ எடுத்த ஏரல் பிரைட்டன் அன்றைக்குத் தந்த, டிவிடியைவிடத் தெளிவாகப் படம் காட்டுகிற புளூரே டிஸ்க்தான். ஹெச்.டி. சார், முகத்தில் அப்பின பவுடர்கூட எண்ணிவிடலாம், நூறு வருஷம் ஆனாலும் அழியாது என்று சொல்லித் தந்தான். டிஸ்க் அழியவில்லை. அவன் ஸ்டுடியோதான் அந்த வருஷத்து வெள்ளத்தில் கம்ப்யூட்டரோடு போயிற்று. பாவம், இப்போது மாலத்தீவில் ஏதோ ஓட்டலில் இருக்கிறானாம். ஆகவே உலகத்தில் மிஞ்சின ஒரே சாட்சி எங்கள் பீரோவில், ஜெனிலாவின் கல்யாணச் சேலைக்கு அடியில், பாச்சா உருண்டை வாசத்தோடு கிடந்தது. அதைப் போட்டுப் பார்க்கத்தான் எங்களிடம் பிளேயர் இல்லை.

கடை கடையாக ஏறினேன் அண்ணாச்சி. முதல் கடையில் பென் டிரைவ் இல்லையா சார் என்றார்கள். இரண்டாவது கடையில் என்னை உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். மூன்றாவது கடைக்காரர், அது வந்ததும் தெரியவில்லை போனதும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் ஒரு மிக்சியை எடுத்துக் காட்டினார். கடைசியில் ஹார்பர் பக்கம் கப்பல்காரர்கள் விட்டுப் போகிற சாமான்களை வாங்கி விற்கிற இசக்கிராஜாவிடம் போனேன். அவன் என்னிடம் படித்தவன். படித்தவன் என்றால், ஒன்பதாம் வகுப்பில் என் எதிரே உட்கார்ந்திருந்தவன். ஒரு ஜப்பான் பிளேயரைத் துடைத்துக் கொண்டுவந்தான். நான் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பிசிக்ஸ் நடத்தியவன் என்று தங்களுக்குத் தெரியும், சம்பந்தம் பேசும்போது அதையும் ஒரு பெருமையாகச் சொன்னோம். பிளேயரின் முதுகில் நூறு வோல்ட் என்று கண்ணுக்குத் தெரிய எழுதியிருந்தது. நம்மூர் கரண்ட் இருநூற்று முப்பது என்று எத்தனை பிள்ளைகளை முட்டி போடவைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பேன். சொருகினேன். பட்டென்று ஒரு சத்தம், பிறகு கருவாடு கருகின வாடை. இசக்கிராஜா நல்ல பையன், சிரிக்கவில்லை. “வோல்டேஜ் பாத்து சொருகணும்னு நீங்கதானே சார் சொல்லிக்குடுத்தீய” என்று மட்டும் சொன்னான். அதற்கு அவன் சிரித்தே இருக்கலாம்.

தேவகனி இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். வோல்ட்டாவது ஒண்ணாவது, ஜெபம் பண்ணாமல் சொருகினதுதான் காரணம் என்றாள். எங்கள் வீட்டில் குக்கர்கூட சபை ஐயர் வந்து ஜெபித்த பிறகுதான் முதல் விசில் அடித்தது என்பதால் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. இசக்கிராஜா பழிக்குப் பயந்து ஆன்லைனில் தேடி நம்மூர் கரண்டுக்கு ஒத்த இன்னொரு பிளேயரைத் தருவித்தான். அதைப் பெட்டியைவிட்டு எடுக்காமல் டீப்பாயில் வைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, ஐயரை அழைத்தோம். எங்கள் ஐயர் நல்லவர். ஆனால் ஒரு காரியத்தை அவரிடம் சொன்னால் அதை ஒளிக்காமல் ஆண்டவரிடம் சொல்லிவிடுவார், அதுவும் ஆண்டவருக்குக் காது மந்தம் என்பது போலச் சொல்லுவார். “ஆண்டவரே, இந்தக் குடும்பத்தை வாதிக்கிற கறித்துண்டு காரியத்திலே உண்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்” என்று அவர் ஜெபித்தது எதிர்வரிசை மாடிவரைக்கும் போயிற்று. மறுநாளே பக்கத்து வீட்டு அனுசியா சுவர்மேல் எட்டிப் பார்த்து விவரம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஐக்கியத்தில் அதை ஜெபக் குறிப்பாகவே சேர்த்துவிட்டார்கள். இப்போது நான் பால் வாங்கப் போனாலும், பீஸ் தெரிஞ்சுதா சார் என்றுதான் கேட்கிறார்கள். தங்கள் பெயரையும் சொல்லித்தான் ஜெபிக்கிறார்களாம். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அதை நிறுத்த எனக்குச் சக்தி இல்லை.

ஜெபம் முடிந்தது, வேலை தொடங்கியது. பிளேயரின் வயரைச் சொருகும் ஓட்டை டிவியின் முதுகில் இருக்கிறது, டிவியின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கிறது, அதை மாட்டினவன் இனி இதைக் கழற்ற வேண்டிவரும் என்று கனவில்கூட நினைக்கவில்லை. உப்புக்காற்றில் திருகாணியெல்லாம் துருப்பிடித்து ஒன்றோடொன்று உறவாகிவிட்டது. இசக்கிராஜா ஒரு இழுப்பு இழுத்தான். டிவி வந்தது, கூடவே சாணைக்கல் அகலத்துக்குக் காரையும் வந்தது. டிவியின் வயர் சொருகும் ஓட்டைக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. தேவகனியின் பழைய பல்துலக்கும் பிரஷால் அதைத் தேய்த்தோம், பழையது என்று நான் நினைத்தேன், அது பழையது இல்லையாம். எல்லாம் சரிசெய்து டிஸ்க்கைப் போட்டால், தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், இன்டர்நெட் தா, நடுவில் அணைத்தால் நான் பொறுப்பல்ல என்று பிளேயர் எழுத்துப் போட்டது. நேற்று வாங்கினது, அதற்குள் என்ன புதுப்பிப்பு? என் போனிலிருந்து இன்டர்நெட்டைக் கொடுத்தோம். பாதி புதுப்பித்திருக்கும், கரண்ட் போயிற்று. வந்தபோது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நானும் உட்கார்ந்திருக்கிறேன், இசக்கிராஜாவும் உட்கார்ந்திருக்கிறான், பேரன் அந்த நீல விளக்கைப் பார்த்து எச்சில் வடிய வடியச் சிரித்துக்கொண்டிருக்கிறான். அவன் ஒருவனுக்குத்தான் அந்த பிளேயரால் அன்றைக்குப் பிரயோசனம்.

அப்போதுதான் ஜெனிலா வந்து வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளாக அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. “ஏன்ப்பா, அது கறின்னா என்ன, கத்தரிக்காய்ன்னா என்ன. எம்பிள்ள எந்த வீட்டுல வளரணும்னு அந்த டிஸ்க்குல இருக்கா?” என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கோ அண்ணாச்சி, கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அவள் பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

படம் வந்தது. அம்மாடி, அது படம் இல்லை, நியாயத்தீர்ப்பு நாள். பிரைட்டன் சொன்னது பொய்யில்லை, எல்லாம் தெரிகிறது. என் கோட்டுக் கையில் கிழிக்காமல் விட்ட விலைச் சீட்டு தெரிகிறது. தேவகனி முகத்தில் ஒரு நிறமும் கழுத்தில் ஒரு நிறமும் தெரிகிறது. அதற்கு அவள் என்னைத் திட்டினாள், நானா பூசினேன்? பிரசங்க நேரத்தில் முன்வரிசையில் தாங்கள் இருப்பதும் தெரிகிறது. வாய் கொஞ்சம் திறந்திருந்தாலும் தாங்கள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தீர்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் கோயில் வாசல். தாங்கள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “இனி ஒங்க பிள்ள எங்க பிள்ள, கவலையே படாதிய” என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பில் தங்கள் கடைவாய்ப் பல்லில் இல்லாத ஒன்றுகூடத் தெரிகிறது. அதைப் பார்த்ததும் இசக்கிராஜா இருந்தான் என்றுகூடப் பார்க்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கடைசியாகப் பந்தி. தங்கள் இலை. பிரியாணிச் சட்டியோடு ஆள் வருகிறான். கரண்டி சாய்கிறது. கரண்டியின் நுனியில் ஏதோ ஒன்று உருண்டு விழப்போகிறது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். அந்த நொடியில், அண்ணாச்சி, இரண்டு பக்கத்திலிருந்தும் சிவப்பாக ஒரு இதயம் வந்து படத்தை மூடியது. அது விரிந்தபோது உள்ளே ஜெனிலாவும் மாப்பிள்ளையும் கேக் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். பிரைட்டன் பயலுக்குக் கலையார்வம் பொங்க அந்த இடம்தானா கிடைத்தது? பின்னுக்கு ஓட்டினோம், மெதுவாக ஓட்டினோம், நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம். இதயம்தான் வருகிறது, ஓரத்தில் பூவேலை உட்பட முழு ஹெச்.டி.யில் வருகிறது. கறியையும் காணோம், கத்தரிக்காயையும் காணோம். கேக் முடிந்து படம் திரும்பப் பந்திக்கு வரும்போது தாங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டீர்கள். ஆனால் ஒன்று. இலையைத் தங்கள் பக்கமாக மடித்து வைத்திருக்கிறீர்கள். உறவு வேண்டாதவர், வயிறு நிறையாதவர் அப்படி மடிப்பாரா? அதை ஒரு சாட்சியாகத் தாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், என்னிடம் வேறே சாட்சி இல்லை.

எனக்கு அலுத்துவிட்டது அண்ணாச்சி. பீஸ் விழுந்ததோ இல்லையோ, இரண்டு வருஷத்துக்கு முன்னால் எந்த வயிற்றுக்கோ போனது. தாங்கள் வந்தால் டிஸ்க்கைப் போட்டுக் காட்டுகிறேன், வேண்டாமென்றால் காட்டவில்லை. ஆனால் முறை என்று ஒன்று உண்டு. தங்கள் வீட்டிலிருந்து நாலு பேர் வந்து அழைக்காமல் பெண்ணையும் பிள்ளையையும் நான் அனுப்ப முடியாது. தானாகப் போய் வாசலில் நின்றாள் என்று ஒரு பேச்சு என் மகளுக்கு வரக்கூடாது. தாங்கள் வருகிற வரைக்கும் அவள் இங்கேயேதான் இருப்பாள். நான் பொதுவாக எதிலும் உறுதியாக நிற்கிறவன் இல்லை, இதில் நிற்கிறேன். மதினிக்கும் தங்கள் தம்பி சம்சாரத்துக்கும் எங்கள் ஸ்தோத்திரம் சொல்லவும். ஆண்டவர் தங்கள் முழங்காலுக்குப் பெலனும் தங்கள் மனசுக்கு இளக்கமும் தருவாராக. இதை ரிஜிஸ்டர் தபாலில் போடச் சொல்லி ஜெனிலாவிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்குத்
தங்கள் சம்பந்தி,
வே. தேவபிரசாதம்.

பின்குறிப்பு: பெரிய மாமாவுக்கு ஜெனிலா எழுதுவது. அப்பா தந்த கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. சாத்தான்குளம் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னை யாரும் அழைக்க வரவில்லை, பரவாயில்லை, வழி எனக்குத் தெரியும். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவுக்கு நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் பதறுவார், நீங்கள் சொன்னால் அழுவார், அழுதால் அவருக்குச் சரியாகிவிடும். இதை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் வாசித்து முடிக்கிற வரைக்கும் எதிரே நிற்பதாக இருக்கிறேன். முடித்துவிட்டீர்கள் அல்லவா மாமா. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இவனைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள், தூத்துக்குடியிலிருந்து மடியில் வைத்து எனக்குக் கை கடுக்கிறது. பெயர் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.