பார்சலில் வரும் ராணியின் கல்

மொன்றியல், நோத்ர-டாம்-த-கிரேஸ்
பங்குனி 27

அன்பின் மைத்துனர் யோகேந்திரனுக்கு அத்தான் நகுலேஸ்வரன் எழுதிக்கொள்வது. அயர்லாந்தில் நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தன் துணை. இங்கே நானும் உமது அக்கா பாலாம்பிகையும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது.

இத்துடன் வரும் பார்சலில் ஒரு கல் இருக்கிறது. பயப்படவேண்டாம். ஸ்லைகோவில் உமது சமையலறை யன்னலால் தெரிகிற மலையில் ஏறி, உச்சியிலிருக்கும் பெரிய கற்குவியலில் அதை வைத்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். பதினொரு வருடமாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிறீர், ஒருநாளாவது ஏறினீரா? ஏறியிருக்க மாட்டீர். ஆருடைய மாகாணத்தில் இருந்து சோறு தின்கிறோம் என்றே தெரியாத மனிதர் நீர். ஆகவே முதலில் கதையைக் கேளும்.

எங்கள் கீழ்வீட்டில் அக்னெஸ் என்று எண்பத்திரண்டு வயது அம்மா ஒருவர் இருக்கிறார். உமது ஸ்லைகோ இருக்கிற கொனாக்ட் மாகாணம்தான் அவருடைய ஊர். டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் பெட்டி தூக்கி ஓய்வு பெற்ற நாளிலிருந்து, பின்னேரங்களில் எனக்கு அவர் வீட்டில்தான் தேத்தண்ணீர். வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருக்கும், அவர் மெல்லக் கதை சொல்வார், என் கண் பாதி மூடிவிடும். நித்திரை என்று நினையாதேயும், நான் கேட்கிற விதம் அது. அந்த மாகாணத்தில் ஒரு ராணி இருந்தாளாம். ஒருநாள் படுக்கையில் புருஷனோடு ஆருடைய சொத்துப் பெரிது என்று வாதம். அண்டா, மோதிரம், ஆடு, பன்றி எல்லாம் சரிசமமாக வந்தது, அவனிடம் ஒரு வெள்ளை எருது மட்டும் கூட இருந்தது. உடனே ராணி ஒரு கபில நிற எருதுக்காக வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தின் மேல் படையெடுத்துவிட்டாள். எனக்கும் உமது அக்காவுக்கும் இதே வாதம் மாதத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. வீட்டில் மாடு இல்லாததால் போர் வரவில்லை. செத்த பிறகும் அவள் படுக்கவில்லையாம். அந்தக் கற்குவியலுக்குள்ளே வடக்கே எதிரியைப் பார்த்தபடி நின்றபடியே இருக்கிறாளாம். பிற்காலத்தில் இங்கிலாந்துப் படை வந்து சனத்தைக் காணியை விட்டுத் துரத்தி, ஒன்றில் நரகத்துக்குப் போ, இல்லையென்றால் கொனாக்டுக்குப் போ என்றதாம். அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் இடம்பெயர்வு ஞாபகம் வந்தது. பிறகு கண் அயர்ந்தபோது, அந்த ராணி டோர்வலில் பெட்டி சுற்றி வருகிற பட்டியருகே நிமிர்ந்து நிற்கக் கண்டேன். அவளுடைய பெட்டி வரவில்லை. எனக்கு மிகவும் வெட்கமாகப் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த மலையில் ஏறுகிறவர்கள் ஒரு கல்லைக் கொண்டுபோய் வைக்கலாம், ஒன்றையும் எடுத்துக்கொண்டு இறங்கக்கூடாது. அதுதான் அங்கத்தைய வழக்கம். அக்னெஸோ பத்தொன்பது வயதில், கப்பலேறுவதற்கு முதல்நாள், ஒரு கல்லைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதன்பிறகு ஊருக்குப் போக வெளிக்கிட்ட போதெல்லாம் தடை. ஒருமுறை பிரசவம், ஒருமுறை பனிப்புயல், ஒருமுறை புருஷனின் செத்தவீடு. போன மாரியில் இடுப்பெலும்பும் உடைந்தது. “இனி நான் போகமாட்டேன், கல்லாவது போகட்டும்” என்று கண் கலங்கி அதை என் கையில் வைத்தார். ஒரு கிலோ எழுநூறு என்று கை சொன்னது. தராசும் அதையே சொன்னது.

தபாற்கந்தோர்ப் பெண், மண் ஒட்டிய கல்லை அனுப்பக்கூடாது, கழுவிக்கொண்டு வாரும் என்றாள். நான் குளியலறையில் கல்லுக்கு வெந்நீர் வார்த்துக்கொண்டிருக்க, உமது அக்கா எட்டிப் பார்த்தா. “அபிஷேகமெண்டால் சொல்லக்கூடாதே?” என்று பாலோடு வந்துவிட்டா. பால் முடிந்து திருநீறு, திருநீறு முடிந்து வடை, வடைக்குப் பிறகு கற்பூரம், கற்பூரத்துக்குப் புகை அலாரம் அலற, மூன்று மாடிச் சனமும் குளிருக்குள் தெருவில். உமது அக்கா கல்லையும் வடைத் தட்டையும் கையோடு தூக்கி வந்திருந்தா. அக்னெஸ் சக்கரநாற்காலியில் போர்வையோடு சிரித்துக்கொண்டே இருந்தார். மேல்மாடி அருமைராசா, “அண்ணை, இது எந்தக் கோயில் வைரவர்?” என்று கேட்டு மறுமொழிக்குக் காத்திராமல் மூன்று தரம் சுற்றிக் கும்பிட்டார். தீயணைப்புக்காரர் கல்லைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மெர்சி மதாம் என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி ஒரு வடையை வாங்கிக்கொண்டு போனார்.

ஆகவே, கல்லில் திருநீறு இருந்தால் துடைக்கவேண்டாம். வைத்துவிட்டு, “அக்னெஸ் திருப்பித் தந்தா” என்று தமிழிலேயே சொல்லும், ராணிக்கு விளங்கும். உடனே படம் எடுத்து அனுப்பும். அந்த மனுசி தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். உமக்கு நீண்ட ஆயுளும், மலையேற மூச்சும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு, உமது அத்தான்
நகுலேஸ்வரன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடும். பார்சலைத் தபாற்கந்தோரில் தூக்கினேன், இரண்டு கிலோ என்று கை சொன்னது. அங்கேயே பிரித்தேன். உள்ளே இருந்தது தேசிக்காய் ஊறுகாய்க்குப் பாரம் வைக்கிற கல். வீட்டுக்கு ஓடினால், ராணி எங்கள் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் பூவோடு இருக்கிறாள். “இஞ்சாருங்கோ, நேர்த்தியை ஆரும் தபாலிலை அனுப்புவினமோ? எடுத்த கையெல்லே வைக்கோணும்” என்றா உமது அக்கா. கோபத்தோடு கீழே போய் அக்னெஸிடம் முறையிட்டேன். அவர் அன்றைக்குக் கல்லை எடுத்த தன் கையைப் பார்த்தார். பிறகு, “என் பாஸ்போர்ட் எங்கே?” என்று தேடத் தொடங்கிவிட்டார். வைகாசி பதினான்காம் திகதி மூவரும் வருகிறோம், கல்லும் வருகிறது. அந்த மலையில் சக்கரநாற்காலி ஏறாதாம். நேற்று அக்னெஸை வாசற்படியில் தூக்கிப் பார்த்தேன். நாற்பத்தாறு கிலோ. பாதி மலைக்கு நான், மீதிக்கு நீர். என் முழங்காலைப் பற்றி மேலேயே எழுதியிருக்கிறேன், அதை மட்டும் மறக்கவேண்டாம்.