நான் திருப்பிய அரைச் சுற்று

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நல்ல தொழிலாளியின் பெயரை வாட்ஸ்அப்பில் நான்கே வரிகளில் கெடுத்தேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவன். வரிகள் நன்றாகவே அமைந்தன.

அவரை எல்லாரும் ஒத்தக்கை என்றுதான் சொல்வோம். இரண்டு கையும் குறையில்லாமல் இருக்க, ஒரே கையால் உலகத்தைச் சமாளித்த மனிதர் பிரிக்பீல்ட்ஸ் முதல் பண்டமாரான் வரை அவர் ஒருவர்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பார். பல்புபோல எரியும் கண்ணாடி ட்யூப்கள் வைத்த பழைய ஆம்ப்புக்குள் நானூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இரண்டு கையையும் உள்ளே விட்டால் மின்சாரம் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கிவிடலாம். அதனால் இடது கையைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். அது முறையான பழக்கம். ஆனால் வேலை முடிந்த பிறகும் அந்தக் கை வெளியே வராது.

கோயிலில் பிரசாதத்துக்கும் ஒரு கையைத்தான் நீட்டினார்.

"ரெண்டு கையையும் நீட்டுங்க அண்ணே," என்றார் ஐயர்.

"மேல சீரியல் பல்பு தொங்குது சாமி. எர்த் இருக்கான்னு பாத்தீங்களா?"

ஐயர் ஒருமுறை மேலே பார்த்தார். பிறகு எட்டி நின்று போட்டார்.

அவருடைய தனித்திறமை பயாஸ் வைப்பது. கார் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவதுபோல, நாம் வாசிக்காதபோதும் ட்யூப்களில் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அளவுதான் பயாஸ். குறைந்தால் ஒலி வறண்டு கரகரக்கும். கூடினால் ட்யூப் சிவந்து செத்துப்போகும். ஆம்ப்பின் பின்புறம் ஒரு சிறு திருகு. அதைத் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும். ஆம்ப் அரைமணி நேரம் சூடேறாமல் அவர் மீட்டரைத் தொடமாட்டார். இந்த விதி மனிதர்களுக்கும் உண்டு.

"பாஸ், அர்ஜென்ட் லா. சாயந்தரம் ஷோ இருக்கு," என்று ஒருவர் வந்து நின்றார்.

"உக்காருங்க. சூடு ஏறட்டும்."

"இன்னும் ஆம்ப்ப ஆன் பண்ணவே இல்லையே?"

"நான் உங்கள சொன்னேன்."

என் குற்றம் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்தில் நடந்தது. ஓய்வு பெற்ற நாங்கள் ஐந்து பேர் ஓர் இசைக்குழு வைத்திருந்தோம். கீபோர்டு சத்தத்தில் என் கிட்டார் எடுபடவில்லை என்று எனக்கு நெடுநாள் மனக்குறை. ஒத்தக்கை அளந்து கொடுத்த ஆம்ப்பின் பின்னால் குனிந்து, யாரும் பார்க்காதபோது, சத்தம் கூடும் என்று நம்பி அந்த பயாஸ் திருகை அரைச் சுற்று கூட்டினேன். முதல் பாட்டு அருமையாக இருந்தது. இரண்டாவது பாட்டில் டிரம்ஸ்காரர் கத்தினார்:

"சார், உங்க ஆம்ப் உள்ள என்ன, கரி அடுப்பா?"

ட்யூப் நெருப்புத் துண்டாகச் சிவந்திருந்தது. மூன்றாவது பாட்டுக்கு ஆம்ப் இல்லை. கருகல் நாற்றம் மண்டபம் முழுக்கப் பரவியது. பந்தியில் இருந்தவர்கள் பிரியாணி அடிப்பிடித்துவிட்டது என்று சமையல்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் சட்டியைத் திறந்து காட்டிக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறை.

"யாரு லா இத செர்வீஸ் பண்ணது?" என்றார் டிரம்ஸ்காரர்.

"ஒத்தக்கை," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் காலை எங்கள் வட்டார இசைக்கலைஞர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன். அவர் பயாஸைத் தவறாக வைத்ததால் என் ஆம்ப் மேடையில் எரிந்தது, எல்லாரும் கவனமாக இருங்கள் என்று.

அன்றே அவர் ஒரு லோரியோடு என் வீட்டுக்கு வந்தார். "தெறந்து பாக்கறேன் சார்," என்றார். ஆம்ப்பைக் காலால் தள்ளியும் முட்டியால் முட்டுக்கொடுத்தும் ஒரே கையால் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு அவரிடமிருந்து பேச்சில்லை. நானும் கேட்கவில்லை. யாரும் அவரிடம் ஆம்ப் கொண்டுபோவதில்லை என்று மட்டும் காதில் விழுந்தது.

இவ்வாண்டு ஒரு சனிக்கிழமை துணிந்து மாடி ஏறினேன். ஆம்ப்கள் அடுக்கியிருந்த தட்டுகளில் ரைஸ் குக்கர்களும் மேசை விசிறிகளும் இருந்தன. ஒத்தக்கை ஒரு குக்கரை மீட்டரால் அளந்துகொண்டிருந்தார். என்னையும் இருபது நிமிடம் உட்காரவைத்தார். பிறகுதான், "சொல்லுங்க சார்," என்றார்.

சொன்னேன்.

"தெரியும் சார். நான் வச்ச திருகு ஒவ்வொன்னுலயும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பேன், யாராவது திருப்புனா ஒடஞ்சிரும். வீட்டுக்காரம்மாவோடது. உங்களுது ஒடஞ்சிருந்துச்சு."

"அப்பவே குரூப்ல சொல்லியிருக்கலாமே?"

"வாத்தியார் எழுதுனதுக்கு எதிரா நான் எழுதுனா யாரு சார் நம்புவா?"

அங்கேயே உட்கார்ந்து, திருகைத் திருப்பியவன் நான்தான் என்று குழுவில் எழுதினேன். முதலில் ஒருவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார். அதன்பின் வசவுகள் வந்தன. அவை எல்லாம் எனக்குச் சேரவேண்டியவை. எங்கள் இசைக்குழுவில் இப்போது வேறொருவர் கிட்டார் வாசிக்கிறார்.

அடுத்த மாதம் மாடிப்படி வரை ஆம்ப்கள் நின்றன.

"எதுக்கு சார் எழுதுனீங்க? சோறு திங்க நேரம் இல்ல," என்று எரிந்து விழுந்தார். மூன்று வருடமாகக் கிடந்த என் ஆம்ப்பை வரிசையின் கடைசியில் தள்ளிவிட்டதாகவும் சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்க் கேட்பேன். "இன்னும் ஆகல," என்பார். மதியம் வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவேன்.

போன வாரம், "ரெடி சார். எடுத்துட்டுப் போங்க," என்றார்.

கார் கொண்டுவரவில்லை, அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.