இருநூற்றுப் பதினைந்து வளையங்கள்

சல்லி,
திருகோணமலை.
செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடித்தது.

‘கிழக்குத் துறை’ வார இதழின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டாரும், உங்கள் அச்சு இயந்திரமும், அதற்கு மை ஊற்றுகிறவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று எங்கள் சல்லி அம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம். இடையில் பன்னிரண்டு நாள் சுகமில்லாமல் போனது. அதைப் பற்றியதுதான் இந்தக் கடிதம்.

என் பெயர் கதிராமன். வயது எழுபத்தொன்று. துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சாமான் ஏற்றும் வள்ளத்தில் வேலை செய்து ஓய்ந்தவன். போன வருடம் வரைக்கும் கைநாட்டு. பிறகு நூலகத்தில் தயாளினி ரீச்சர் நடத்தும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது கடைப் பலகை, பஸ் பலகை, சவர்க்காரப் பெட்டி ஒன்றையும் விடாமல் சத்தமாக வாசிப்பதால் வீட்டில் ஒருவரும் என்னோடு பஸ்ஸில் வர விரும்புவதில்லை. இது நான் எழுதும் முதல் கடிதம். முதல் கடிதமே குறை சொல்லும் கடிதமாகப் போனதில் வருத்தம்தான், ஆனால் எழுத எழுத அந்த வருத்தம் குறைந்துகொண்டு வருகிறது. ‘ஐயா’ என்ற சொல்லைத் தேவைக்கு மேல் எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். அந்த ‘ஐ’ எனக்கு வடிவாக வருகிறது.

உங்கள் இதழில் நான் முழுதாக வாசித்த முதற் செய்தி, போன மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில் வந்தது. வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மனைவி தங்கேஸ்வரி குசினி வாசலில், மகள் கஜந்தினி அடுப்படியில், மருமகன் நிசாந்தன் கதிரையில் இருந்து பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் விரல் வைத்து வாசித்தேன். “தடை செய்யப்பட்ட வலையுடன் படகு, படத்தில் சிக்கியது.” தங்கேஸ்வரி, “இப்ப நல்லா வாசிக்கிறியள்” என்றாள். அந்தத் தென்பில் கீழே இறங்கினேன். படகின் பெயர் வந்தது. “இஞ்ச பாருங்கோ, எங்கட படகின்ர பேர் மாதிரியே கிடக்குது” என்று மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டு மேற்கொண்டு வாசித்தேன். ஊர் சல்லி என்று வந்தது. அதற்கும் மகிழ்ந்தேன். கடைசியில் ‘படம்: கதிராமன்’ என்று இருந்தது. என் பெயரை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தரம், அதனால் இரண்டு முறை வாசித்தேன். மூன்றாம் முறை வாசிக்கப் போகும்போது மகள் வந்து கடதாசியைப் பறித்து, “அப்பா, போதும்” என்றாள். மருமகன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அப்போதுதான் ஐயா எனக்கு விஷயம் விளங்கியது. நான் எடுத்த படத்தை வைத்து என் மருமகனையே பிடித்துவிட்டார்கள்.

உங்கள் செய்தி பிழை. அந்தப் படத்தில் இருந்த வளையங்கள், அடியில் வளையம் கோத்துக் கயிற்றால் இழுத்துச் சுருக்கும் அந்தத் தடை செய்த சுருக்குவலையின் வளையங்கள் அல்ல. அவை என் லென்ஸ் போட்ட வளையங்கள். அதை விளக்கமாக எழுத வேண்டும்.

எழுபத்தெட்டாம் ஆண்டில் ஒரு வெளிநாட்டுக் கப்பல் மாலுமி என்னிடம் மூன்று கட்டுக் கருவாடும் ஒரு வாழைக்குலையும் வாங்கிக்கொண்டு அந்த லென்ஸைத் தந்தான். தூரத்தைக் கிட்டக் காட்டும் லென்ஸ், ஆனால் நீளமில்லை. பால்மாத் தகரப் பேணி போலக் கட்டையும் மொத்தமுமாக இருக்கும். முன்பக்கக் கண்ணாடிக்கு நடுவே கறுப்பு வட்டம் ஒன்று உண்டு. தங்கேஸ்வரி அதைக் கறை என்று நினைத்து இரண்டு தரம் தேய்த்துப் பார்த்தாள். சண்டைக் காலத்தில் அப்படி ஒரு சாமான் வீட்டில் இருப்பது நல்லதல்ல என்பதால் பல வருடம் அது நெல் மூட்டைக்குள் கிடந்தது. போன வருடம் பாரிசில் இருக்கும் மகன் தன்னுடைய டிஜிற்றல் கமராவை அனுப்பியதும் இரண்டையும் தூக்கிக்கொண்டு நகரத்தில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் ஹிஸ்புல்லா நானாவிடம் போனேன். கமராவின் வாய் வேறு, லென்ஸின் வாய் வேறு. அவர் கொழும்பிலிருந்து ஓர் இரும்பு வளையம் எடுப்பித்து இரண்டையும் பூட்டினார். உடனே கமரா, லென்ஸ் பூட்டப்படவில்லை, படம் எடுக்க மாட்டேன் என்று எழுதிக் காட்டியது. லென்ஸ் முகத்துக்கு நேரே நிற்கிறது, இல்லை என்கிறது. நானும் எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களில் அந்த லென்ஸைப் போல நின்றிருப்பதால் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. ஹிஸ்புல்லா நானா எதையோ அமத்திவிட்டு, “லென்ஸ் இல்லாட்டியும் எடு எண்டு சொல்லி வச்சிருக்கன் அண்ணன். இனி ஒண்டும் கதைக்காது” என்றார்.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். “இது முகம் பாக்கிற கண்ணாடி வச்ச லென்ஸ். வெளிச்சம் உள்ள போய்ப் பின்னால இருக்கிற கண்ணாடியில பட்டுத் திரும்பி, அந்தக் கறுப்பு வட்டத்துக்குப் பின்னால இருக்கிற சின்னக் கண்ணாடியில பட்டு, மறுபடியும் உள்ள போகும். அதுதான் கட்டையா இருக்கு. ஆனா நடு மறைஞ்சிருக்கிறதால, கூர் பிடிக்காத வெளிச்சப் புள்ளி எல்லாம் உளுந்து வடை மாதிரி நடுவில ஓட்டையோட விழும். பயப்பட வேணாம்.” நான் பயப்படவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. கையால் திருகித்தான் கூர் பிடிக்க வேண்டும், மூச்சு விட்டால் படம் ஆடிவிடும். பிளாஸ்ரிக் கதிரையில் மணல் பையை வைத்து அதன்மேல் கமராவைப் படுக்கவைத்து, நாற்பது படம் பழுதாக்கியபின் ஒரு நாள் காலையில் மருமகனின் படகு கரைக்கு வரும்போது ஒன்று சரியாக வந்தது. படகு கத்தியால் வெட்டியதுபோலத் தெளிவு. முன்னும் பின்னும் கடலில் மின்னிய வெயிலெல்லாம் வளையம் வளையமாக நின்றது. தயாளினி ரீச்சர், வடிவான படம் என்று போடுவார்கள் என நம்பி அதை உங்களுக்கு அனுப்பினார். உங்கள் நிருபர் அதை எங்கள் கரைச் சங்கத் தலைவர் கதிரவேலிடம் காட்டி, இது என்ன வளையம் என்று கேட்டிருக்கிறார். அறுபது வருடமாகக் கடலைப் பார்த்தவர் அவர். தெரியாது என்று சொல்ல அவருக்குத் தெரியாது.

செய்தி வந்த அன்றே மருமகனின் படகு எஞ்சினைக் கழற்றிச் சங்கக் கட்டிடத்துக்குள் பூட்டிவிட்டார்கள். விசாரணையில் குற்றம் என்று முடிந்தால் இந்தப் பருவம் முழுக்கப் படகு மணலில்தான். மகள் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். விசாரணைக்கு முன்னால் வளையங்களை எண்ண மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். ஒருவர் 198 என்றார், ஒருவர் 236 என்றார், மற்றவர் 211 என்றார். மூன்றையும் கூட்டி மூன்றால் பிரித்து 215 வளையங்கள் என்று அறிக்கையில் எழுதினார்கள். அந்தக் கணக்கை நான் சரிபார்த்தேன். கணக்கில் பிழையில்லை.

செய்தி வந்து பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை, மீன்பிடிப் பரிசோதகர் விசாரணைக்கு வந்தார். நான் எழுந்து, “ஐயா, வளையம் படகுக்கு வெளியிலயும் நிக்குது, பாருங்கோ” என்றேன். தலைவர், “வலையை எறியிற நேரம் எடுத்த படம்” என்றார்.

“கடற்காகத்தின்ர செட்டையிலயும் ஒரு வளையம் கிடக்குதே.”

“அதுவும் வலையில பட்டிருக்குது. செயலாளர், அதையும் எழுதும்.”

இனிக் கதைத்துப் பயனில்லை என்று தெரிந்தது. “தலைவரை ஒருக்கால் கடற்கரையில நிக்கச் சொல்லுங்கோ. ஒரு படம் எடுக்க வேணும்” என்று பரிசோதகரைக் கேட்டேன். தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெயில் மின்னும் கடலுக்கு முதுகு காட்டி நின்றார். கதிரையும் மணல் பையும் வைத்து எடுத்தேன். படத்தைக் கமராவிலேயே பார்த்த பரிசோதகர் அதைச் செயலாளரிடம் நீட்டி, “இதிலயும் எண்ணும்” என்றார். செயலாளர் முந்நூறு வரைக்கும் எண்ணிவிட்டு, கண் நோகிறது என்றார். பரிசோதகர் தலைவரைப் பார்த்து, “நிசாந்தனைவிட உங்களிட்டத்தான் கூட வலை கிடக்குது போல” என்றார். கரை முழுதும் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, “சாமிப் படம் மாதிரிக் கிடக்குது கதிராமன், பெரிசாக் கழுவித் தா” என்றார். ‘படத்திற் காணப்படும் வளையங்கள் யாவும் லென்ஸினால் உண்டானவை’ என்று பரிசோதகர் எழுதிக் கையெழுத்திட்டார். அன்று பின்னேரமே எஞ்சின் திரும்பி வந்தது. மகள் கடைக்குப் போனாள்.

ஆகையால் ஐயா, என் மருமகன் குற்றமற்றவர் என்ற மறுப்பை அதே முதல் பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் போட வேண்டும். எழுத்து பெரிதாக இருந்தால் எனக்கும் வாசிக்க இலகு. முன்னர் படத்தை உள்ளங்கை அளவில் போட்டதால்தான் இத்தனை வில்லங்கம். ஹிஸ்புல்லா நானா இரண்டடி அகலத்தில் கழுவித் தந்த அதே படகுப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பக்கம் நிறையப் போடுங்கள். ஊர் முழுதும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

உங்கள் இதழ் நாலு ஊருக்கு மேலும் நாலு ஊருக்குப் போகட்டும். நிருபருக்கு நல்ல கண்ணும், உங்களுக்கு நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும். தங்கேஸ்வரியும் சுகம் விசாரிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய
கதிராமன்

பிற்குறிப்பு: உறையில் வைப்பதற்கு மடிக்கும் முன் பெரிய படத்தை ஒரு தரம் ஆசையாகப் பார்த்தேன். லென்ஸ் போடும் வளையம் புகைபோல மங்கலாக இருக்கும். படகின் முன்பக்க அணியத்தில், சாமானை மூடியிருக்கும் நீலப் படங்குச் சீலையின் ஓரத்துக்குக் கீழே பதினொரு வளையங்கள் அப்படி இல்லை. நல்ல கூராக இருக்கின்றன. பதினொன்றும் ஒரே அளவு. அவற்றுக்குள்ளால் ஒரு கயிறும் போகிறது. வெளிச்சம் கயிறு திரிக்கும் என்று ஹிஸ்புல்லா நானா சொல்லவில்லை. மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பாராமலே, “அதுவும் உங்கட லென்ஸ் செய்த வேலைதான் மாமா. பரிசோதகரே எழுதித் தந்திட்டார்” என்றார்.

படத்தை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். மறுப்புப் போட வேண்டாம். போடத்தான் வேண்டும் என்றால் உள்பக்கத்தில், ஒருவரும் வாசிக்க ஏலாத எழுத்தில் போடுங்கள். நாலு நாள் இருந்து எழுதிய கடிதத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு தரம் முழுதாக வாசித்துவிட்டு நீங்களே கிழித்துவிடுங்கள். இன்று பின்னேரம் நானும் மருமகனும் அந்தப் படங்கைத் தூக்கிப் பார்க்கப் போகிறோம். கமராவைக் கொண்டுபோகவில்லை.