காவிரிப் பாலத்தில் காற்று இல்லாத காலை

ஸ்பேனரை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆனால் எல்லாரும் பிடிக்கக் கூடாது. இதை நான் ஒப்புக்கொள்ள ஒரு காவிரிப் பாலமே தேவைப்பட்டது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. நசீமா அக்காவின் கணவர் உமர் மச்சான் கத்தாரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். லீவு முடிந்து கிளம்பும்போது தன் பைக் சாவியை என் கையில் கொடுத்து, "தினம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வச்சா போதும் சலீமு. வேற ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார். எவ்வளவு தெளிவான வார்த்தை. நான் அதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கிற ஃபோர்க் கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான். (நானும் ஒல்லி. ஒல்லி வண்டியில் ஒல்லி ஆள் போனால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?) பாலக்கரைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் பெரிய வண்டியின் தடித்த ஃபோர்க் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவன், செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குள் மாட்டி முடித்தேன்.

ஹேண்டில் லேசாகத் திரும்புவதற்காக அதன் கழுத்துக்குள் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் வரிசையாக இருக்கும். கழற்றும்போது அவை தரையெல்லாம் உருண்டு ஓடின. பொறுக்க முடிந்ததைப் பொறுக்கி உள்ளே வைத்தேன். மொத்தம் எத்தனை என்று முதலில் எண்ணி வைக்கவில்லை. வீடியோக்காரரும் எண்ணச் சொல்லவில்லை.

வண்டி கம்பீரமாக நின்றது. நிற்கும் வரைக்கும் பிரச்சினையே இல்லை. ஓட்டினால், முப்பதைத் தாண்டியதும் ஹேண்டில் நடுங்கும். டயரில் காற்றைக் கூட்டினேன், குறைத்தேன். கண்ணில் பட்ட நட்டையெல்லாம் முறுக்கினேன். கடைசியில் நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன்: முப்பதுக்கு மேல் போகாமல் இருப்பது. மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். போனால், யார் மாட்டியது என்று கேட்பாரே.

அக்காவுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வந்து இறங்கினார். மறுநாள் காலை, "கூட வேலை பாக்குறவரு வீடு ஸ்ரீரங்கத்துல இருக்கு. ஒரு பார்சல் குடுக்கணும். சாவியக் குடு" என்றார்.

"நான் ஓட்டுறேன் மச்சான். நீங்க களைச்சுப்போய் இருப்பீங்க."

அவர் வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னமோ மாறின மாதிரி இருக்கே."

"நல்லாத் துடைச்சு வச்சிருக்கேன் மச்சான்."

சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை இருபத்தைந்திலேயே உருட்டினேன். பாலத்தில் ஏறியதும் பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டது. விடாமல் ஹாரன். ஒதுங்க இடமில்லை. வேறு வழியில்லாமல் வேகத்தைக் கூட்டினேன். முப்பத்தைந்து. நாற்பது. தனியாகப் போகும்போது வெறும் நடுக்கமாக இருந்தது, இரண்டு பேர் பாரத்தில் பேயாட்டமாகிவிட்டது. ஹேண்டில் என் தோளையே பிடுங்கப் பார்த்தது. இடப்பக்கம் இடுப்பளவு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் காவிரி, கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. (எனக்கு நீச்சல் தெரியாது என்பது அந்த நேரம் பார்த்தா நினைவுக்கு வர வேண்டும்?)

"என்னடா ஆச்சு?"

"காத்து மச்சான்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "காத்தே இல்லையேடா" என்றார். உண்மைதான். சுவர்மேல் கிடந்த பிளாஸ்டிக் பை கூட அசையவில்லை.

பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். உள்ளே 'டக்'கென்று ஏதோ இடித்தது. எங்களை முந்த வந்த பஸ்ஸின் பக்கமாக வண்டி இழுத்தது. பஸ்ஸின் பின்சக்கரம் என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிச் சுழன்றது. மச்சான் இரண்டு கையாலும் என் இடுப்பை இறுக்கிக்கொண்டார். பத்து மாடி உயரத்தில் தனியாக உட்கார்ந்து இரும்பு தூக்குகிற மனிதர், என் காதுக்குப் பக்கத்தில், உயிர் போகிற நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொல்ல ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன்.

எப்போது பிரேக்கை விட்டேன், எப்போது ஆக்ஸிலரேட்டரை விட்டேன் என்று தெரியாது. வேகம் தானாகக் குறைந்து, ஆட்டம் அடங்கி, பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலைப் பக்கம் வந்து நின்றோம். 

மச்சான் இறங்கிப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார். அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"நசீமாவ ஆஸ்பத்திரிக்கு எதுல கூட்டிட்டுப் போன?"

ஆட்டோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "இதுலதான் மச்சான். ரெண்டு தடவை. இருபத்தஞ்சுக்கு மேல போகல."

அவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அக்கா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, "உங்க மச்சானை விட நீ பத்திரமா ஓட்டுறடா" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. பாலத்தில் வந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

தள்ளிக்கொண்டே போய் ஒரு பட்டறையில் விட்டோம். நெற்றியில் நாமமும் கையில் கிரீஸுமாக இருந்த மெக்கானிக், முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் பிரித்தார்.

"ஒரு பக்கத்து ஃபோர்க் ஒரு விரக்கடை மேல ஏறி நிக்குதுங்க. ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கணும். உள்ள நாலு குண்டக் காணோம். கழுத்து நட்டு கையாலயே திரும்புது. யாருங்க இதை மாட்டினது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"தெரியலைங்க. பழைய வண்டியா வாங்கினோம்" என்றார் மச்சான்.

குண்டுகளைப் புதிதாகப் போட்டு, இரண்டு ஃபோர்க்கையும் மட்டம் பார்த்து இறுக்கி, சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே ஹேண்டிலை ஒரு விரலால் தட்டினார் மெக்கானிக். அது தானாக இந்தப் பக்கம் போய் விழுந்தது, அந்தப் பக்கம் போய் விழுந்தது. ஃபோர்க்கை முன்னும் பின்னும் பிடித்து இழுத்தால் அசையவில்லை. பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மச்சான்தான் ஓட்டினார். பாலத்தில் ஐம்பதில் போனோம். வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. நான்தான் பின்னால் அவர் இடுப்பை விடவில்லை.

பட்டறையில் என் மானத்தைக் காப்பாற்றிய மனிதர், வீட்டுக்குள் நுழைந்ததும் கலிமா வரைக்கும் ஒன்று விடாமல் அக்காவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஃபேன் ஆடினாலும், மேஜை ஆடினாலும், முதல் கேள்வி, "சலீம் தொட்டானா?" கேஸ் சிலிண்டர் மாற்றக்கூட என்னைக் கூப்பிடுவதில்லை.

போன மாதம், ஆறு வயதாகும் அக்கா மகளுக்கு முன்பல் ஆட ஆரம்பித்தது. கண்ணாடி முன் நின்று, விரலால் அதை அசைத்து அசைத்துப் பார்த்தவள், நேராக அம்மாவிடம் போய்க் கேட்டாளாம்:

"ம்மா, நான் தூங்குறப்ப மாமா வந்து எதையாச்சும் கழட்டி மாட்டினாங்களா?"